அக்காவின் சொந்த விண்ணப்பம்

பிரிண்ட் கடை அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பன்னிரண்டு வருடமாக ஊரார் விண்ணப்பங்களை அவள்தான் தட்டிக் கொடுக்கிறாள். அதில் வேலை கிடைத்தவர்கள் இனிப்போடு வருவார்கள். வாயில் போட்டுக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளும் அவள்தான். தனக்கென்று ஒரு விண்ணப்பம் போட மட்டும் கை வரவில்லை.

இன்று போட்டே ஆகவேண்டும். நூலகத்தில் எழுத்தர் வேலை. வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். 'இந்த ஒரு ஆளை முடிச்சுட்டு' என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி, நாலு மணிக்குத்தான் உட்கார்ந்தாள். பெயரை மளமளவென்று அடித்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை.

கீபோர்டைக் கவிழ்த்தாள். பொத்தானை அணைத்துப் போட்டாள். பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ம்ஹூம். பக்கத்துத் தையல் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, அதைப் போட்டு இந்தப் பாடு படுத்துற?"

"உயிரே இல்லண்ணே."

"பேட்டரிய லேசாக் கடிச்சுப் பாரு. எங்க வீட்டு ரிமோட்டு அஞ்சு வருஷமா என் கடியிலதான் ஓடுது."

"கடிக்கிறதெல்லாம் அப்புறம். புதுசு இருந்தாக் குடுங்க."

அவர் தன் கடைச் சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். போட்டதும் கீபோர்டின் சின்ன விளக்கு எரிந்தது. எழுத்து மட்டும் வரவில்லை.

பாக்கி இருந்தது ரிசீவர்தான். கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் நகத்தளவு கறுப்புத் துண்டு. கீபோர்டு சொல்வதை வாங்கிக்கொள்வது அதுதான். அதை உருவி, ஊதி, மறுபடி செருகினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை திரையில் ஒரு பெட்டி திறந்தது. உள்ளே வரிசையாகப் புகைப்படங்கள்: சமையலறை, குளியலறை, 'வாடகைக்கு' என்று பலகை தொங்கும் பால்கனி.

மூன்று மணிக்கு வந்த வீட்டுத் தரகருடைய பென் டிரைவ் அது; அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் வெறும் ஜெராக்ஸ்தான். அதுவும் நகத்தளவு, அதுவும் கறுப்பு. ரிசீவரை உருவி அவர் கையில் வைத்து, "பத்திரம், தொலைச்சுடாதீங்க" என்று புத்திமதி வேறு சொல்லியிருக்கிறாள்.

போன் போட்டாள். "அண்ணே, நான் குடுத்தது உங்களுது இல்ல."

"அதானே பார்த்தேன்! லேப்டாப்புல போட்டா வீடும் காணோம், வாசலும் காணோம். பார்ட்டி முன்னாடி என் மானமே போச்சும்மா."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"பஸ்ல. திரும்பி வர ஆறு ஆகும்."

நாலு இருபத்தைந்து. போனை வைத்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. சரி, இந்தத் தடவையும் இல்லை. நான் என்ன செய்வேன். அந்த நிம்மதி வந்த வேகம் அவளையே பயமுறுத்தியது. ரிசீவரை எடுத்துக் கொடுத்த கை யாருடையது? எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"ஏன் தங்கச்சி, அந்த எலிக்கு வால் இருக்குல்ல? அதை வெச்சு ஒண்ணும் ஆகாதா?" என்றார் தையல்காரர்.

மவுஸ் ஒயர் போட்டது. திரையிலேயே ஒரு கீபோர்டை வரவழைக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. கண் இமைப்பதற்குள் ஒரு வரி அடிக்கிறவள், இப்போது எழுத்து எழுத்தாகக் குறி வைத்து அமுக்கினாள். தந்தையின் தொழில்: மூட்டை தூக்குதல். அதை அமுக்கி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. முன் அனுபவம் என்ற இடத்தில் மவுஸ் நின்றது. அடுத்தவர் அனுபவத்தை ஊதிப் பெருக்கத் தெரிந்தவளுக்குத் தன்னுடையதை எழுதக் கூசியது.

"பன்னெண்டு வருஷம்னு போடு. என்ன யோசனை?"

"இதெல்லாம் அனுபவமாண்ணே?"

"பின்ன, நான் சட்டை தைக்கிறது என்ன, தவமா?"

போட்டாள். வாசலில் ஒருவர் தாளை நீட்டினார். "நாளைக்கு வாங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல். நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்ப எண் வந்தது. ஒரு கிழிந்த தாளில் எழுதி, சரியா என்று மூன்று தடவை ஒப்பிட்டாள்.

நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இனி அடுத்தது தேர்வு; அதற்கு எந்தக் கீபோர்டையும் சாக்குச் சொல்ல முடியாது. மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்க, 'பாடத்திட்டம்' என்று ஒவ்வோர் எழுத்தாக அமுக்கித் தேட ஆரம்பித்தாள்.