தெக்கன்னா வடக்கு

வயர்லெஸ் செட்டு முன்னால ஒக்காந்திருக்கவனுக்குக் கேக்கத்தான் சம்பளம், நம்புததுக்கு இல்ல.

தூத்துக்குடி கடக்கரையில எங்க சங்கத்துக் கொட்டாயில நான் இருக்கேன். அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டாச்சு. முட்டி தேஞ்ச பெறவு கடலுக்கும் போட்டாச்சு. இப்ப வள்ளக்காரனுவ கடல்ல இருந்து பேசுததக் கேட்டு, கரையில உள்ள வீட்டுக்காரியளுக்கும் யாவாரியளுக்கும் சொல்லணும், அவ்வளவுதான் வேல. கொஞ்ச தூரம் போயிட்டா போன் எடுக்காது. செட்டுல ஒருத்தன் பேசுனா கடல்ல கெடக்க அத்தன பேருக்கும் கேக்கும். அதனாலதான் எவனும் நெசத்தப் பேச மாட்டான். "இந்தா, கிட்ட வந்துட்டேன்"னு குளிச்சிக்கிட்டே போன்ல சொல்லுத மனுசன் உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாரு. எனக்கு அப்படி அறுவது பேரு. நீங்களே சொல்லுங்க, யாரு பாடு மோசம்?

ஐஸ்காரருக்கு வந்த சந்தேகம்

எங்க கடல்ல ஒரு வழக்கம். மீனு நெறயப் பட்டா "ஒண்ணும் இல்ல"ம்பான். மிச்சவன் அங்கன வந்து வலைய விட்டுரக் கூடாதுல்லா. இது தெரியாம கயத்தாறுல இருந்து ஒருத்தரு புதுசா ஐஸ் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தாரு. "மீனு கெடக்கா?"ன்னாரு. நான் செட்டுல கேட்டேன். பத்து வள்ளமும் ஒரே ராகம், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல." மனுசன் ஐஸோட வண்டியத் திருப்பிட்டாரு. மத்தியானம் பாத்தா கரை பூரா சாளை மீனு. ஐஸ் இல்லாம யாவாரியெல்லாம் என்னத்தான் ஏசுதாவ, என்னமோ நான் போயி மீனப் புடிச்ச மாதிரி.

மறுநா வந்தாரு. அன்னைக்கும் எல்லாரும் "ஒண்ணும் இல்ல." ஓஹோன்னு சிரிச்சிக்கிட்டு வண்டி ஐஸ் மொத்தத்தையும் எறக்கிட்டாரு. அன்னைக்கு நெசமாவே ஒண்ணும் இல்ல. ஐஸு அது பாட்டுக்கு உருகி ஓடிக்கிட்டு இருக்கு. அவரு பக்கத்துல குத்தவச்சு அதயே பாத்துக்கிட்டு இருந்தாரு. பெறவு மெதுவா கேட்டாரு: "ஏன் அண்ணாச்சி, நெசமா ஒண்ணும் இல்லன்னா அத எப்படிச் சொல்லுவாவ?"

சாமிக்கே சொல்லல

பொய்யில பெரிய ஆளு எங்க மச்சான் சூசை. என் தங்கச்சி ரோசம்மா புருசன். அவனுக்கு ஒரு பாரு தெரியும். பாருன்னா கடலுக்கடியில உள்ள பாறைத்திட்டு, மீனு குடும்பத்தோட குடியிருக்குத எடம். அங்க போயி வெளமீனு வெளமீனா கொண்டு வருவான். எங்கன புடிச்சன்னு கேட்டா, "தெக்க, மணப்பாட்டுக்கு நேரா"ம்பான். மூணு வருசமா ஒரே பதிலு. அவன் பேச்ச நம்பித் தெக்க போனவன் டீசலத்தான் கடல்ல கரச்சான்.

ஈஸ்டருக்கு முந்துன தபசு காலத்துல, கோயில் சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்குத பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கான். "சாமி, எடத்தப் பத்திப் பொய் சொல்லுதேன், மன்னிக்கணும்"னு முட்டி போட்டிருக்கான். அந்தச் சாமியும் கடக்கரைப் புள்ளைதான், அவரு அண்ணனுக்கு ரெண்டு வள்ளம் ஓடுது. காதக் கிட்ட கொண்டு வந்தாராம். பெறவு மெல்ல, "அப்ப நெசமான எடம் எது?"ன்னாராம். மச்சானே வந்து சொல்லிச் சிரிச்சான். "நான் என்ன சொன்னேன் தெரியுமா? சாமி, மன்னிப்பு பாவத்துக்குத்தான் கேட்டேன், பாருக்கு இல்லன்னுட்டேன்."

நான் சொல்லுத பொய்யி

ஊரானையே சொல்லுதேன், நான் மட்டும் யோக்கியனா? கச்சான், அதான் மேக்க இருந்து அடிக்குத காத்து, கெளம்புனா பொம்பளையா கொட்டாய் வாசல்ல வந்து நிப்பாவ. ஒரு தடவ ஒரு வள்ளம் ரெண்டு மணி நேரமா பேசல. அந்த வீட்டுக்காரி கேட்டா. எனக்கு வாயி சும்மா இருக்குமா? "இப்பத்தான் பேசுனான், வந்துக்கிட்டு இருக்கான்"னேன். என் மூஞ்சியவே பாத்தா. சாயந்தரம் வள்ளம் வந்துட்டு, அது வேற. ஆனா அப்ப அவ சொன்னது இன்னும் காதுல கெடக்கு: "பொய்யின்னு தெரியுதுண்ணே. இன்னொருக்கச் சொல்லுங்க."

எந்தப் பக்கம் அனுப்ப?

போன ஆடியில, கச்சான் வெளுத்து வாங்குத நாளு. மத்தியானம் மூணு மணி இருக்கும், செட்டுல சூசை. "மச்சான், எஞ்சின் படுத்துட்டு. மூணு பேரு கெடக்கோம். நங்கூரம் போட்டிருக்கு, கயிறு தாங்குமான்னு தெரியல."

கயிறு அத்துச்சுன்னா காத்து தள்ளிக்கிட்டே போயி அடுத்த நாட்டு எல்லையில விட்டுரும். இல்லன்னா கவுத்துரும். "எங்கலே கெடக்க? ஜி.பி.எஸ். நம்பரச் சொல்லு!"ன்னு கத்துனேன்.

செட்டு கொர்ருன்னு எரஞ்சுச்சு. பெறவு சொல்லுதான்: "தெக்க. மணப்பாட்டுக்கு நேரா." அதோட பேட்டரி போயிட்டு.

கரையில நல்ல எஞ்சினோட நின்னது அந்தோணி வள்ளம் ஒண்ணுதான். பொழுது அடைய மூணு மணி நேரம். ஒரு பக்கந்தான் தேட முடியும். பக்கம் மாறிட்டா மூணு உசுரு. அந்தோணி தண்ணிக்குள்ள வள்ளத்தத் தள்ளிட்டு, "தெக்கயா, வடக்கயாண்ணே?"ன்னு நிக்கான். உசுருக்குப் பயந்தவன் பொய் சொல்லுவானான்னு, "தெக்க போலே"ன்னு வாயத் தொறந்துட்டேன்.

ரோசம்மா தலவிரி கோலமா ஓடி வந்தா. "அண்ணே, அவரு தெக்கன்னா வடக்க. வேம்பாத்துப் பக்கம் விடச் சொல்லு."

"ஏளா, சாவக் கெடக்கவனா பொய் சொல்லுவான்?"

"சாவு அந்த வள்ளத்துக்குத்தான வரும். செட்டு ஊருக்கே கேக்கும்லா?"

முப்பது வருசம் கடல்ல கெடந்தவன், நாலு வருசம் பொய் கேட்டவன், எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அவ கண்ணுல சந்தேகமே இல்ல. "வடக்க போலே"ன்னேன். சொல்லிட்டு, மூணு மணி நேரம் அவ மூஞ்சியப் பாக்காமலே ஒக்காந்திருந்தேன்.

வெளிச்சம் மங்குதப்ப செட்டுல அந்தோணி கொரலு வந்துச்சு. "மூணு பேரும் இருக்காவண்ணே. கயிறு நூலா நிக்கு." ரோசம்மா அப்படியே மண்ணுல ஒக்காந்துட்டா. அந்தோணி நிறுத்தல. "நான் கிட்ட போனதும் சூசை அண்ணன் மொதல்ல கேட்டது என்ன தெரியுமா? 'ஏலே, இந்த எடத்த எவன் ஒனக்குக் காட்டிக் குடுத்தது?'"

கரையேறுன பெறவு

எறங்குன ஒடனே மச்சானுக்கு ஒரு அறை விட்டேன். கன்னத்தத் தடவிக்கிட்டே வெளக்கம் குடுக்கான். "மச்சான், மூணு வருசமா தெக்கன்னு சொல்லுதேன், என்னைக்காச்சும் தெக்க போனனா? நெசத்தச் சொல்லி வடக்கன்னிருந்தா நீ தெக்க அனுப்பியிருப்ப, நான் செத்திருப்பேன். ஒன் புத்திய நம்பித்தான் பொய் சொன்னேன்."

சரிதானேன்னு எனக்கும் பட்டுச்சு. பரவாயில்லயே, நம்மள எவ்வளவு நம்பியிருக்கான்னு கண்ணுகூட லேசாக் கலங்கிட்டு. ரோசம்மா அவன் தலயத் தொவட்டிக்கிட்டே என்னையப் பாத்தா. "அண்ணே, இதயும் நம்பாத."

எங்க கடல்ல நெசம்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, ஆனா அது செட்டுல பேசாது, பொண்டாட்டி மனசுலதான் ஒக்காந்திருக்கும்.