எழுத்துப் பிழை இல்லை

ஜெர்மனி மறுபடி ஒன்றாகிப் பத்து ஆண்டுகள் ஆனபோது, நான் வேலை பார்த்த பர்மிய வார இதழில் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் அலுவலகம் பர்மியத் தலைநகரின் கியாக்டடா பகுதியில் இருந்தது. அப்போது ராணுவ ஆட்சி; அச்சுக்கு முன் எல்லாப் பக்கங்களும் அரசின் தணிக்கைக்குப் போக வேண்டும். மூன்றாம் நாள் என்னை நேரில் வரச் சொன்னார்கள்.

அதிகாரி நிதானமானவர். இணைப்புக்குப் பின் கிழக்கே ஆலைகள் மூடியதையும், வேலை இழந்தவர்கள் பழைய ஆட்சியே தேவலை என்று பேசியதையும் எழுதியிருந்தேன். அந்தப் பத்தியில் அவர் பேனா படவில்லை. ஒரே ஓர் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

பர்மியத்தில் 'ப்யோ' என்றால் இடிவது. முதல் எழுத்தை மூச்சு அழுத்திச் சொன்னால் இடிப்பது. எழுதும்போது உள்ளே ஒரு சுழி கூடும், அவ்வளவுதான். 'பெர்லின் சுவரை இடித்த நாள்' என்று நான் எழுதியிருந்தேன். சுழியை எடுத்தால் 'சுவர் இடிந்த நாள்'.

அவர் பர்மியத்தில் சொன்னார்: "என்ன சயா, நம்ம எழுத்து இன்னும் கைக்கு வரலியா? கலாதானே, எழுத்துப் பிழைன்னு விட்டுடலாம். சுழிய நானே அடிச்சிடறேன். இன்னைக்கே முத்திரை."

சயா என்பது மரியாதைச் சொல். கலா என்பது இந்திய முகம் உள்ளவர்களுக்கு அங்குள்ள பெயர். நான் அதே நகரத்தின் தாமுவேயில் பிறந்தவன். முதல் வகுப்பிலிருந்து அந்த எழுத்தைத்தான் எழுதுகிறேன். தலையை ஆட்டினால் கட்டுரை வெளிவரும்.

"பிழையில்லங்க. தெரிஞ்சுதான் எழுதினேன்."

"சுவர் இப்ப இல்லதானே? இடிஞ்சுதுன்னு போட்டா பொய்யா?"

"தானா இடியல. ஆளுங்க ஏறி இடிச்சாங்க."

"நீ போய்ப் பாத்தியா?"

"படம் பாத்தேன். கையில சுத்தியல் இருந்துச்சு."

சுவர் தானாக இடிந்தது என்று ஒப்புக்கொண்டால், நாடும் தானாகச் சேர்ந்தது என்றாகிவிடும். அப்புறம் அதில் குடிமக்களுக்கு என்ன பங்கு? வேலை போனது பற்றிக் கேள்வி கேட்கக்கூட அவர்களுக்கு உரிமை இருக்காது. அந்தப் பத்து ஆண்டுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் அது. அவரிடம் அதை விளக்கவில்லை.

"அப்ப எழுதிக் கொடு" என்று ஒரு தாளை நீட்டினார். 'சுவரை மக்கள் இடித்தார்கள். அறிந்தே எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டுரையை மூலைக்கு மூலை குறுக்கே அடித்தார்.

ஆசிரியர் என்னிடமிருந்து வெளிநாட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, திரையரங்கக் காட்சி நேரங்களைக் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் அதைப் பிழையில்லாமல் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்த தாள் தணிக்கை அலுவலகக் கோப்பில் சேர்ந்தது. அந்தச் சுவரைப் பற்றி நான் எழுதியதில் வெட்டுப்படாமல் தங்கியது அது ஒன்றுதான்.