மூன்று என்று சொன்ன அத்தாயி

என் பெரியம்மா அத்தாயிக்கு நாற்பத்தாறு வயது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் பதினெட்டு வருடமாக முட்டை பொறுக்குகிறார். கூண்டுகளின் கீழ்வரிசைக்குக் குனிய வேண்டும், முட்டை அட்டைகளை அடுக்கித் தூக்க வேண்டும், மறுபடி குனிய வேண்டும். ஐந்து வருடமாக அவருக்கு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வலி.

வலி என்று எழுதிவிட்டால் புரியாது. அவர் பஸ்ஸில் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சோற்றை நின்றபடியே சாப்பிடுவார். புரண்டு படுக்க வேண்டுமென்றால் பெரியப்பா மணியன் எழுந்து கை கொடுக்க வேண்டும். எண்ணெய், பெல்ட், கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்க ஆரம்பித்ததால், நாமக்கல் டாக்டர் அதைக் குறைக்கச் சொல்லிவிட்டார். போன தை மாதம் ஆறு அட்டை முட்டையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு முட்டைகூடத் தேறவில்லை. மேனேஜர் திட்டவில்லை. இரண்டு மாதம் பார்க்கலாம், முடியவில்லை என்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

"இந்த இடுப்பக் கழட்டி ஆணில மாட்டிப்போட்டு ஒரே ஒரு நாள் தூங்கோணும் சாமி" என்றார் பெரியம்மா அன்று என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாமக்கல் டாக்டர் சொன்ன ஆபரேஷனுக்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் காளிதாஸ் முதுகில் ஆபரேஷன் செய்த பிறகு கைத்தடியோடு நடப்பதைத் தினமும் பார்க்கிறார். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கத்தி வைக்காமல், குளிரை வைத்து முதுகு வலிக்கு வைத்தியம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன்.

டாக்டர் சத்யபிரியா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். முதுகெலும்பு மூட்டுகளிலிருந்து வலியைச் சுமந்துபோகும் மெல்லிய நரம்புகள் இருக்கின்றன. ஊசி போன்ற ஒரு கம்பியை எக்ஸ்ரேயில் பார்த்தபடி நரம்பின் பக்கத்தில் கொண்டுபோய், அதன் நுனியைக் குளிரவைப்பார்கள். நுனியைச் சுற்றி ஒரு சின்னப் பனி உருண்டை உண்டாகும். உறைந்த நரம்பு பல மாதங்களுக்கு வலியைக் கடத்தாது. ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. அதே நரம்புகளுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி பாதிக்கு மேல் குறைந்தால்தான் குளிர் வைத்தியம். குறையாவிட்டால் வலி வேறெங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம்.

சோதனை நாளில் டாக்டர் கேட்டார்: "பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாத வலி. இப்ப எவ்வளவு இருக்குங்க?"

பெரியம்மா அன்று மாத்திரை போடவில்லை. சேலம் வரைக்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றே வந்திருந்தார். கடித்துக் கடித்து உதட்டுத் தோல் உரிந்திருந்தது.

"பரவால்லீங்கம்மா. ஒரு மூணு இருக்குமுங்க."

நான் வாயைத் திறந்தேன். பெரியம்மா என் கையை அழுத்தினார்.

ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்து நடக்கச் சொன்னார்கள், குனியச் சொன்னார்கள். குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு ஒரு நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து வருடத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நர்ஸ் வந்து இப்போது எவ்வளவு என்று கேட்டதும் அவசரமாக நிமிர்ந்தார். "இருக்குதுங்க. ஒரு ரெண்டு" என்றார்.

திரும்பும்போது ராசிபுரம் தாண்டுவதற்குள் வலி வந்துவிட்டது. மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார். மூன்று இரண்டாகத்தான் ஆகியிருக்கிறது, இதற்குக் குளிர் வைத்தியம் பலன் தராது, செய்ய மாட்டேன். பெரியம்மா சரிங்க என்று கும்பிட்டார். கதவு வரை போனார். வெளியே போக முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ஏனுங்கம்மா, நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. பெருசாச் சொன்னா ஆபரேசன்னு எழுதிருவீங்கன்னு மூணுன்னேன். ஊசி போட்டதும் ஒண்ணுமே இல்லீங்க, ஒடம்பு பஞ்சாட்டம் இருந்துச்சு. அதச் சொன்னா, செரியாப் போச்சு, ஊட்டுக்குப் போன்னு அனுப்பி உட்ருவீங்களோன்னு ரெண்டுன்னேன்."

டாக்டர் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். எழுதியதை இப்போது மாற்ற முடியாது, வைத்தியம் வேண்டும் என்பதற்காக யாரும் எதையும் சொல்லலாம், ஆகவே சோதனையை மறுபடி செய்ய வேண்டும் என்றார். பிறகு, "அம்மா, எனக்குப் பயப்பட வேண்டாம். வலி எவ்வளவோ அந்த நம்பரக் குடுங்க" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை அதே கேள்வி. பெரியம்மா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"ஒம்பதுங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இத்தனை வருடத்தில் வலி இவ்வளவு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெரியப்பாவிடம்கூட. ஊசிக்குப் பிறகு, "ஒண்ணுங்க" என்றார்.

அதற்கடுத்த வாரம் குளிர் வைத்தியம் நடந்தது. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, கம்பியை இறக்கினார்கள். உள்ளுக்குள் யாரோ ஐஸை வைத்து அமுக்கியதுபோல இருந்தது என்றார் வெளியே வந்ததும். ஆனால் முதல் இரண்டு வாரமும் குத்திய இடமெல்லாம் வலித்தது. இதுவும் போச்சு என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதற்குள் பண்ணையில் அவருடைய வரிசைக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் மறுபடி கேட்டார். "மூணுங்க" என்றார் பெரியம்மா.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எந்த மூணு? அன்னைக்குச் சொன்ன மூணா?"

"இல்லீங்கம்மா. நெசமான மூணு."

நரம்பு மறுபடி வளரும், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வலி திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். பெரியம்மா தலையாட்டினார். பஸ்ஸில் உட்கார்ந்துதான் வந்தார், சீட்டின் முனையில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவர்போல. ராசிபுரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பண்ணைக்குப் போய்க் கேட்டுப் பாக்கறேன் சாமி. கீழ்வரிசை எனக்கு ஆகாதுன்னு மொதல்லயே சொல்லிப்போடோணும்."