மீன்கார மாமாவின் பைக்

விழிஞ்ஞத்தில் மீன் விற்கும் மாமாவுக்குக் காய்ச்சல். அவருடைய பைக்கில் கழக்கூட்டத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறேன். பின்னால் கட்டிய மீன்பெட்டியைக் கழுவி, சான்றிதழ்களை அதில் வைத்திருக்கிறேன். வளைவில் நான்கு நாய்கள் துரத்துகின்றன. காலைத் தூக்கிக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறேன், வண்டி ஆடுகிறது.

"ஓட்டாத தம்பி, நிப்பாட்டு" என்கிறார் டீக்கடைச் சேச்சி. "மீன்கார அண்ணன் வண்டியில்லா? தெனமும் இங்க மீன்தல போட்டுட்டுத்தான் போவாரு. மூணு நாளா ஆளக் காணல, கேட்டியா."

நிறுத்துகிறேன். நாய்கள் வாலாட்டிக்கொண்டு சுற்றி நிற்கின்றன. பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். ஒரு நாய் என் பட்டச் சான்றிதழை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

"ஆபீஸ்காரங்க மோந்து பாக்க மாட்டாங்க, போ" என்று சேச்சி சிரிக்கிறார்.

நேரமாகிறது. ஆனாலும் மாமாவின் பெயர் கெடக் கூடாது. நான்கு பன் வாங்கிப் பிய்த்துப் போடுகிறேன்.