எண்பத்து நான்கு ஜன்னல்கள்

கல்ஃபில், ஃபர்வானியாவில் நான் இருக்கும் கட்டடத்தில் நேற்று பக்கத்து ஃபிளாட்டின் சுவரை இடித்துப் புதிதாகப் பூசினார்கள். டியூட்டி முடிந்து படியேறும்போதே ஈரச் சிமெண்ட் வாசனை. வேறு யாருக்கும் பிடிக்காது. எனக்கு அது ஊர் வாசனை. திருச்செந்தூர் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. லீவில் போகும்போதெல்லாம் அங்கே இதுதான் வீசும். ஒவ்வொரு லீவுக்கும் ஓர் அறையோ மாடிப்படியோ முளைத்திருக்கும். கல்ஃப்காரன் வீடு என்றைக்கு முடிந்திருக்கிறது?

இங்கிலாந்திலும் அப்படித்தான் போல. முன்பு நான் இங்கே ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். அந்த ஊரில் ஏதோ ஒரு துரையின் பழைய வீட்டை, பழுது பார்க்கும் முன் முழுக்க வரைந்து வைக்க வேண்டுமாம். அளவும் போட்டோவும் மெயிலில் வரும், நாங்கள் ஏசியில் உட்கார்ந்து வரைவோம். முதலில் இருந்தது ஒரே ஒரு பெரிய கூடம். கட்டியவனின் பேரன் கிழக்கே நாலு அறை சேர்த்தான். பின்னால் வந்தவன் சமையற்கட்டை நீட்டினான். இன்னொருத்தன் முன்பக்கம் முழுக்கக் கல் முகப்பு வைத்தான். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நிறம் என்று வரைந்ததில், நான் பார்க்காத அந்த வீடு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அதில் கூடத்திலிருந்து நடைவழியைப் பார்த்து ஒரு ஜன்னல். முன்பு அது வெளிச்சுவர்; நடைவழி கட்டியவர்கள் ஜன்னலை அடைக்காமல் விட்டிருந்தார்கள். வீட்டுக்குள் எதற்கு ஜன்னல், துரைக்கு மூளை இல்லை என்று நான் அதை வரையாமல் விட்டேன். படங்களைச் சரிபார்க்கும் மலையாளி சேட்டன் சிவப்பில் வட்டம் போட்டுக் கொண்டுவந்தார்.

"எடோ, எண்பத்து நாலு ஜன்னல். நீ போட்டது எண்பத்து மூணு. அவங்களே அடைக்கலை, நீ யாரு அடைக்க?"

ரோஷத்தோடு உட்கார்ந்து அந்த ஜன்னலைக் கம்பி கம்பியாக வரைந்தேன்.

அதே வாரம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பிளான் போட்டேன். கடல் பக்கம், எங்கள் படுக்கையறையை ஒட்டி மகளுக்கு ஓர் அறை. அழகாக வந்திருந்தது, எனக்கே பெருமை. வாட்ஸப்பில் அனுப்பினேன். என் மனைவி ரீத்தா கொத்தனாரை வைத்து ஒரு கோடு மாறாமல் கட்டினாள்.

சுவர் எழும்பிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது ஏதோ குறைந்தது. அவள் பேசினால் பின்னால் அலைச் சத்தம் கேட்கும், எப்போதும்.

"என்ன பிள்ள, கடல் இன்னைக்கு அமைதியா இருக்கா?"

"கடல் அப்படியேதான் இருக்கு. ஜன்னலத்தான் நீங்க எடுத்துட்டீங்கல்லா?"

எங்கள் படுக்கையறை ஜன்னல். அவள் உட்கார்ந்து என்னோடு பேசும் இடம். அது இருந்ததே என் நினைவில் இல்லை.

"பிளான்ல வெறும் சுவருதான் இருந்துச்சு. தெரிஞ்சுதான் எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன். படம் போடுறவரு நீங்க."

"ஆமா, ஆமா. திருடன் பயம். நீ தனியா இருக்கேல்லா?" என்றேன்.

அதையும் நம்பினாள். 'அவுக எனக்காகத்தான் அடைச்சாக' என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாளாம்.

பிறகு அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. எமர்ஜென்சி லீவில் போனேன். பகலிலும் லைட் போட வேண்டிய அந்த அறையில்தான் படுத்திருந்தாள். எழுந்து நடக்க முடியவில்லை. "கடல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்பாள். மகள் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திரும்பி வருவேன். "அலை பெருசா இருக்கு" என்று மட்டும் சொல்வேன்.

லீவு முடிந்து திரும்பிய மூன்றாம் வாரம் அவள் போய்விட்டாள்.

மகள் கனடாவில் இருக்கிறாள். வீட்டில் ஆறு அறை, எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. மறந்துட்டேன் பிள்ள, திருடன் பயமெல்லாம் இல்ல, மறந்துதான் போனேன் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.