வெட்கத்தை விடாமலே பின்னியவர்

செய்தி வந்தபோது பழையகாயல் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்து விழுந்தது. ‘நம்ம நூல்கண்டு அண்ணாச்சி இன்று காலை ஆறுமுகநேரியில் காலமானார்.’ அதன் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வரத் தொடங்கின. புதிதாகச் சேர்ந்த ஒருவர், நூல்கண்டு என்றால் யார் என்று கேட்டிருந்தார். பெரிய மீசை வைத்திருப்பாரே, லேஸ் பின்னுவாரே, அவர்தான் என்று இன்னொருவர் பதில் போட்டார். கூடவே ஒரு சிரிப்பு முகமும் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்துவிட்டார்.

காற்றுக் கடைக்காரர் காசுக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் காது சுட்டது. இறந்துபோன மனிதரின் பெயர் சுயம்புலிங்கம் என்று அந்தக் குழுவில் ஒருவர்கூட எழுதவில்லை. எழுதலாம் என்று போனை எடுத்த எனக்கும் விரல் ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவும், அந்தச் சிரிப்பு முகத்தின் வழியாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்காகவும்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி, கீழே நிற்கும் டிரெய்லரில் வைக்கிற பெரிய கிரேன். நானும் அதே வேலைதான். ஒரே ஷிப்டில் ஒரு கிரேனுக்கு நாங்கள் இரண்டு பேர். அவர் இறங்க நான் ஏறுவேன், நான் இறங்க அவர் ஏறுவார். ஆள் ஆறடி. கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி இருக்கும். அதிகம் பேச மாட்டார். ஆனால் அவர் பெட்டியை இறக்கினால் டிரெய்லர் டிரைவர்கள் டீ கிளாஸைக் கேபினுக்குள் பயமில்லாமல் வைத்திருப்பார்கள். அத்தனை மெதுவாக வைப்பார்.

நூல் வேலை அவருக்கு நாற்பதுகளின் கடைசியில் வந்தது. அவருடைய மனைவி செண்பகம் மதினி ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றில் வாரக்கணக்காகக் கிடந்தார்கள். இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் கடற்கரை ஊர்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் படுத்தபடியே கொக்கி ஊசியால் லேஸ் பின்னிக்கொண்டிருப்பார். அண்ணாச்சி லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒருநாள் மதினி தூங்கிக்கொண்டிருந்தபோது, அதைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டாராம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறார். அண்ணாச்சி அறைக் கதவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பின்னியிருக்கிறார்கள்.

“தட்டையா ஒரு விரிப்பு பின்னப் போனேன், குவிஞ்சு தொப்பியா வந்துட்டு” என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை, பெரிய கப்பலை நேரத்துக்கு முன்பே முடித்துக்கொடுத்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

ஆசை வந்துவிட்டது. அதை வைக்க நாளில் இடம்தான் இல்லை. ஷிப்ட் வேலை. வீட்டுக்குப் போனால் மதினிக்குச் சமையலில் உதவி, கொல்லையில் தண்ணீர் பிடிப்பது, மகள் தங்கத்தின் படிப்பு. அண்ணாச்சி தேடிப் பார்த்து ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆறுமுகநேரியிலிருந்து துறைமுகத்துக்கு எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேனின் கடைசி சீட். மடியில் ஒரு துண்டை விரித்துப் போட்டு, அதற்கு அடியில் கையை விட்டு, பார்க்காமலே பின்னினார்கள். நான் பழையகாயலில் ஏறி அவர் பக்கத்தில்தான் உட்காருவேன். துண்டு லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். என்னவென்று எனக்கு மட்டும் தெரியும்.

மற்றவர்கள் அவர் ஜெபமாலை உருட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருநாள் டிரைவர் சுடலை, எந்தச் சாமிக்கு அண்ணாச்சி என்று கேட்டான். அண்ணாச்சி வாய் தவறி, முருகனுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து சுடலை வேனில் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டான். நடு வரிசையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த அமைதியில் அண்ணாச்சி வியர்த்துப் போய் உட்கார்ந்திருப்பார்கள். தன் வாழ்க்கையிலேயே அவர் அதிகம் கூசியது அந்தப் பொய்க்குத்தான். திருச்செந்தூருக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்கள். ஆனாலும் துண்டை எடுக்கத் தைரியம் வரவில்லை.

இப்படியே சில வருஷம் ஓடி, தங்கத்துக்குக் கல்யாணமும் ஆனது. கடைசியில் துண்டைச் சுடலைதான் எடுத்தான், தெரியாமல். பழையகாயல் தாண்டி ஒரு லாரி சட்டென்று திரும்ப, அவன் பிரேக்கை ஓங்கி மிதித்தான். துண்டு நழுவியது. நூல்கண்டு கீழே விழுந்து, சீட்டுகளுக்கு நடுவே உருண்டு, அவன் காலடியில் போய் நின்றது. அண்ணாச்சியின் கையில், தங்கத்துக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்காகப் பின்னிய ரோஸ் நிறக் கவுன் பாதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு முருகன் கவுன் போட ஆரம்பித்துவிட்டாரா என்று ஒருவர் கேட்க, வேனே சிரித்தது. நான் எழுந்துபோய் நூலைச் சுற்றிக்கொண்டே வந்தேன். சுற்றச் சுற்ற அது நீண்டுகொண்டிருந்தது. அவருக்காக எடுக்கப் போன எனக்கே கால் கூசியது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! துறைமுகம் வரும்வரை அவர் தலை நிமிரவில்லை. சாயங்காலத்துக்குள் நூல்கண்டு என்ற பெயர் கப்பல் நிற்கும் வார்ஃப் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி வேனில் வரவில்லை. லைன் பஸ் பிடித்து வந்தார்கள். நூலைத் தொடுவதை நிறுத்திவிட்டார்கள். மாதங்கள் போயின. கேட்டபோதெல்லாம் டபுள் டூட்டி பார்த்தார்கள். சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒருநாள் அண்ணாச்சி இறக்கிய பெட்டி டிரெய்லரில் படாரென்று போய் உட்கார்ந்தது. கீழே டிரைவர் கதவைத் திறந்து குதித்து, மேலே பார்த்துக் கத்தினார். அண்ணாச்சியைப் பார்த்து ஒருவர் கத்தி நான் அன்றுதான் கேட்டேன்.

அந்த வாரம் செண்பகம் மதினி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்கள். போனேன். அண்ணாச்சி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடவில்லை. மதினி அவர் காதுபடவே என்னிடம் பேசினார்கள்.

“தம்பி, அவுக சாப்பிடுதாக, தூங்குதாக, வேலைக்குப் போறாக. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில நான் சாகக் கிடந்தப்பக்கூட இப்படி இருந்ததில்ல.”

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டம்மா உறைமோர் கேட்டு வந்தார்கள். வாசல் கதவில் அண்ணாச்சி பின்னிய திரை ஒன்று தொங்கும். ஓரங்கள் ஏறியும் இறங்கியும் இருக்கும். யார் செய்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், தான் செய்ததாகவே மதினி சொல்லி வந்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னார்கள்:

“இது நான் பின்னுனது இல்ல. அவுக பின்னுனது. இத்தன நாளா உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

அந்த அம்மா அண்ணாச்சியின் மீசையைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, உறைமோர் வாங்காமலே போய்விட்டார்கள். மதினி முகம் சிவந்துபோய் நின்றார்கள். அண்ணாச்சி எழுந்து கொல்லைப் பக்கம் போனார்கள். நானும் விடைபெறாமலே கிளம்பிவிட்டேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல்தான் அன்று பிரிந்தோம்.

திங்கட்கிழமை வேனில் ஏறினால், கடைசி சீட்டில் அண்ணாச்சி. மடியில் துண்டு இல்லை. பச்சை நிற நூல்கண்டு வெளியே தெரிய, குனிந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். சுடலை கண்ணாடியில் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினான். அண்ணாச்சியின் காதுகள் இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தன. உப்பளங்கள் தெரியத் தொடங்கும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, வெட்கமாக இல்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

“வெக்கமாத்தாம்லே இருக்கு ராயப்பா. காது எரியுது. அது போன பொறவு பின்னுவோம்னுதான் இத்தன நாளும் பாத்தேன். அது போற மாதிரித் தெரியல. சரி, அது பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்திருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அண்ணாச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் யாருக்கும் பயப்படாத ஆள், ஊர் சிரித்தாலும் கவலைப்படாத ஆள் என்று இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. கடைசிவரை அவருக்கு வெட்கம் இருந்தது. வேனில் புது ஆள் ஏறினால் ஊசி ஒரு நொடி நிற்கும். பிறகுதான் நகரும். அவருடைய பின்னல் நேர்த்தியானது என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெரிய விரல்களுக்கு அது கடைசிவரை முழுதாக அடங்கவில்லை. ஓரம் எப்போதும் கோணும். பிரித்துவிட்டு மறுபடியும் பின்னுவார். பரிசுக்காகவோ விற்பனைக்காகவோ இல்லை. அதற்காக ஒரு நாளில் கொஞ்சம் இடம் வேண்டும் என்று நினைத்தார், அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

டபுள் டூட்டியை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சூப்பர்வைசர் கூப்பிட்டபோது, தனக்கு வேறு வேலை இருக்கிறது என்றார்கள். என்ன வேலை என்று அவர் விடாமல் கேட்டார். ரெஸ்ட் ரூமில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். “நூல் வேலை” என்றார்கள் அண்ணாச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு. சூப்பர்வைசர் சிரிக்க வாயைத் திறந்தவர், ஏனோ சிரிக்காமல் போய்விட்டார்.

நான் சிறு வயதிலிருந்து எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் பாடியவன். ஷிப்ட் வேலைக்கு வந்தபின் ஒத்திகைக்கு நேரமில்லை என்று நின்றுவிட்டேன். ஒருநாள் கிரேன் லிப்ட்டுக்குக் காத்திருந்தபோது, இப்போது ஏன் பாடுவதில்லை என்று அண்ணாச்சி கேட்டார்கள். ரிட்டயர் ஆனபின் பாடலாம் என்றேன்.

“அப்பத் தொண்ட இருக்குமாலே?” என்றார்கள். லிப்ட் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்கள்.

நேரம் இல்லை என்று நான் சொன்னது பாதிதான் உண்மை. இத்தனை வருஷம் கழித்துப் போய் நின்று, குரல் உடைந்தால் இளசுகள் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம்தான் மீதி. இதை எழுதுகிற இன்றுவரை நான் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு தெருத்தான்.

செய்தி வந்த மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வேலையிடத்து ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். அலுவலகத்திலிருந்து அதிகாரிகளும் மாலையோடு வந்திருந்தார்கள். எடுக்கும் நேரத்தில் செண்பகம் மதினி உள்ளே போய், அண்ணாச்சி கடைசியாகப் பின்னிக்கொண்டிருந்த போர்வையை எடுத்து வந்தார்கள். சந்தன நிறம். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அவர் மேல் போர்த்தப் போனார்கள். தங்கம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்மா. என் மாமியார் வீட்டு ஆளுக, ஆபீஸ் ஆளுக எல்லாம் நிக்காங்க.”

“நிக்கட்டும்” என்றார்கள் மதினி.

இழுபறியில் போர்வையில் தொங்கிக்கொண்டிருந்த ஊசி கழன்று விழுந்தது. நூலின் நுனி யாருடைய மாலைக் கம்பியிலோ மாட்டிக்கொள்ள, பின்னல் ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கியது. மதினி இழுக்க இழுக்க இன்னும் பிரிந்தது. சுற்றி நின்ற பெண்கள் கையால் பொத்திப் பார்த்தார்கள். யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை. பிரிந்த நூல் அண்ணாச்சியின் கால்மாட்டில் சுருள்சுருளாக விழுந்தது.

எனக்குப் பின்னத் தெரியாது. ஆனால் ஒன்றைப் பின்னி முடிக்கும்போதெல்லாம் அவர் கடைசிக் கண்ணிக்குள் நூலை விட்டு இழுத்து இறுக்குவதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். சுவரோரத்திலிருந்து நடந்தேன். பெண்கள் விலகினார்கள். அவர் காலடியில் மண்டியிட்டு, ஓடிக்கொண்டிருந்த கண்ணியை விரலால் பிடித்தேன். முற்றம் முழுக்க என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. முதல் தடவை நூல் நழுவியது. பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள். இரண்டாம் தடவை நுனி உள்ளே போனது. இழுத்து இறுக்கினேன். பிரிவது நின்றது.

பிரிந்து தொங்கிய நூலை அறுக்க என்னிடம் எதுவும் இல்லை. தங்கம் தரையில் உட்கார்ந்து, மாமியார் வீட்டார் பார்த்திருக்க, குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு தாயும் மகளுமாகப் போர்வையை விரித்தார்கள். நெஞ்சுவரை போர்த்தினால் கால் தெரிந்தது. காலை மூடினால் நெஞ்சு தெரிந்தது. நெஞ்சுக்கே போர்த்தினார்கள்.

அண்ணாச்சி, உங்களைத் தூக்கும்போது உங்கள் கால் பக்கம் நான் பிடித்தேன். பாதங்கள் வெயிலில் கிடந்தன. தெருமுனைவரை அவற்றை ஒரு கையால் மறைத்துக்கொண்டே வந்தேன். அமைதியாகப் போய் வாருங்கள்.