டெசரோ என்பவர் யார்?

எவாந்தியாவின் சலூன் எங்கள் டெசரோ தொகுதியில், மருந்துக்கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவே இருக்கிறது. மொன்ரியலிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் வரும் முதல் சிக்னலுக்கு அருகில். கிரேக்க நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் அவள். முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர்கள் அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கத்தரி அவள் கையில் இருக்கிறதே!

ஒரு தேர்தல் சமயம், எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு உள்ளே வந்தார். தலையில் சாயத்தோடு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் கொடுத்த நோட்டீஸை எவாந்தியா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டெசரோ, டெசரோன்னு போட்டிருக்கே. யாருங்க அது?"

"அவரா? ரொம்பப் பெரிய மனுஷர்மா. இந்த மண்ணுக்காக உழைச்சவர்."

"என்ன உழைச்சார்?"

"நிறைய" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாக என் கையைக் குலுக்கினார். அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

நாங்கள் சிரித்து மறந்துவிட்டோம். அவளால் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த எல்லோரையும் கேட்டாள். ஒருவர் ஹாக்கி வீரர் என்றார், இன்னொருவர் என்ஜினியர் என்றார். பீட்சாக் கடைக்காரர் டெசரோ ஒரு புனிதர் என்று அடித்துச் சொன்னார்.

"உனக்கெதுக்கு இந்த வேலை? அவர் என்ன உன் மாமனாரா?" என்றான் அவள் கணவன் லெஃப்தெரிஸ்.

"மாமனாரா இருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்."

திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை. அன்று முதியோர் இல்லத்துக்குப் போய் முடி வெட்டுவாள். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு கதவில் புதிய பெயர்ப்பலகை தொங்கியது: ஓவிலா டெசரோ. கத்தரிப் பையோடு அப்படியே நின்றுவிட்டாளாம்.

ஓவிலா சிடுசிடுப்பானவர். குடும்பப் பெருமை என்றால் மட்டும் வாய் திறப்பார். "முதல் மேயர். எங்க பாட்டனுக்குப் பாட்டன். பாலம் அவர் கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடி இங்க வெறும் உருளைக்கிழங்கு வயல். பாலம் வந்துச்சு, வீடு வந்துச்சு, ஓட்டு வந்துச்சு. அப்புறம் கோடு போடுறவங்க வந்தாங்க. தொகுதியை எத்தனை தடவை வெட்டி ஒட்டியிருப்பாங்க தெரியுமா?"

"அவரோட அம்மா யாருங்கய்யா?"

சும்மாதான் கேட்டாள். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு அவளுக்குத் தூக்கம் போயிற்று. வாராவாரம் கேட்டாள். பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

"விதவை. படகுத்துறை அவங்களோடது. அந்தக் காலத்துல சொத்து இருந்தா பொம்பளைங்களும் ஓட்டுப் போடலாம். அப்புறம்தான் சட்டம் போட்டுப் பிடுங்கினாங்க. ஓட்டுச்சீட்டெல்லாம் கிடையாது, ஊர் முன்னாடி வாய்விட்டுச் சொல்லணும். மகன் சட்டசபைத் தேர்தல்ல நின்னான். அம்மா வந்து எதிராளி பேரைச் சொன்னாங்க."

"பெத்த மகனுக்கு எதிராவா!"

"பாலம் கட்டுவேன்னு சொல்லி ஓட்டுக் கேட்டான். பாலம் வந்தா படகுல யார் ஏறுவா?"

மகன் தோற்றான். அதற்குப் பிறகு அம்மா வீட்டு வாசலை அவன் மிதிக்கவே இல்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாலம் வந்தது, அவனும் மேயரானான்.

"வெளியில மூச்சு விடாதே. தலைமுறை தலைமுறையா மூடி வெச்ச விஷயம்" என்றார் ஓவிலா.

அடுத்த வசந்தத்தில் தொகுதி எல்லைகளை மாற்றும் ஆணையம் அறிவிப்பு வெளியிட்டது. எங்களைப் பக்கத்துத் தொகுதியோடு சேர்க்கப் போகிறார்கள், டெசரோ என்ற பெயர் இருக்காது. ஆட்சேபணை இருந்தால் ஓட்டல் அரங்கில் வந்து பேசலாம். எவாந்தியா ஓவிலாவிடம் ஓடினாள்.

"அந்தக் கதையைச் சொல்லட்டுமா ஐயா?"

"கிரேக்கத்துல சொல்லிக்கோ. எவனுக்கும் புரியாது."

மறுவாரம் கொஞ்சம் இறங்கிவந்தார். "சரி, சொல்லித் தொலை. ஆனா எனக்கு இஷ்டமில்லைன்னும் சொல்லணும்."

அப்படியே செய்தாள். "நான் இதைச் சொல்றது டெசரோ ஐயாவுக்குப் பிடிக்கலை" என்று தொடங்கியதும் அரங்கமே சிரித்தது. விதவை மகனுக்கு எதிராகப் பெயர் சொன்ன இடம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"அப்படின்னா இந்தப் பேர் அம்மாவுக்கா, மகனுக்கா?" என்று கேட்டார் ஆணையத் தலைவர்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே பேர்தானேங்க. எடுத்துடாதீங்க, அவ்வளவுதான். யாருக்குங்கிறதை அவங்களே சண்டை போட்டு முடிவு பண்ணிக்கட்டும்."

இறுதி அறிவிப்பில் டெசரோ பிழைத்தது. ஆனால் கோடு நகர்ந்து ரயில் பாதையோடு ஓடியது. சலூன் டெசரோவில் இருந்தது. பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த எவாந்தியாவின் வீடு வேறு தொகுதிக்குப் போய்விட்டது. டெசரோவில் அவளுக்கு ஓட்டில்லை. லெஃப்தெரிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

ஓவிலாவோ இப்போது சாப்பாட்டு அறைக்கு யார் புதிதாக வந்தாலும் பிடித்து உட்காரவைத்து விதவையின் கதையைச் சொல்கிறார். ஆற்றில் பனிக்கட்டிகள் மிதக்க, அவள் தனியாகத் துடுப்புப் போட்டு வந்து ஓட்டுப் போட்டாளாம்.

"நிஜமாவா?" என்று எவாந்தியாவைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? போன வாரம் சொல்றப்போ பனிக்கட்டி இல்லை" என்று சொல்லி என் தலையை நேராகத் திருப்பிவைத்தாள்.